நிகிலுக்கு ஆள் இருந்தது

போன வாரம் குருவிகுளத்தில் பத்துப் பன்னிரண்டு கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து 'மை பிரதர் நிகில்' பார்த்தோம். ஓனிர் இயக்கி 2005இல் வந்த இந்திப் படம். வசனத்தை இடையிடையே நிறுத்தி நாங்களே தமிழில் சொன்னோம்.

நிகில் கோவாவின் நீச்சல் வீரன். நைஜல் என்ற இளைஞனைக் காதலிக்கிறான். எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் அணி அவனைத் துரத்துகிறது, பெற்றோர் கைவிடுகிறார்கள், அரசு பூட்டி வைக்கிறது. கதைக்குத் தூண்டுதல் டொமினிக் டிசோசாவின் வாழ்க்கை. தவறாமல் ரத்ததானம் செய்துவந்தவர் அவர். 1989இல் கோவா பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி அவரைப் பிடித்து, பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாள் தனியாக அடைத்தார்கள்.

தொட்டால் தீட்டு, அவன் இறங்கிய தண்ணீரும் தீட்டு. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1927இல் அம்பேத்கர் தண்ணீர் குடித்த மகாத் குளத்தைச் சாணமும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தவர்களின் நாடுதானே இது.

ஆனால் படத்தின் மீது எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. இரக்கத்துக்குத் தகுதிபெற நிகில் ஒரு சாம்பியனாக இருக்க வேண்டியிருக்கிறது. அவனுக்காக அலையச் சகோதரி இருக்கிறாள், வழக்கறிஞர் கிடைக்கிறார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் மருத்துவர் நிர்மலா செல்லப்பன் ரத்தம் சேகரித்தார். சுனிதி சாலமன் வழிகாட்டினார். அந்த ரத்தம் மருத்துவ வரலாறு ஆனது. ரத்தம் கொடுத்த பெண்களைப் பற்றி யார் படம் எடுத்தார்கள்? அவர்கள் என்ன சாதி என்று ஊகிக்கப் போவதில்லை. கேட்க நாதியற்ற ஏழைகள், அவ்வளவு தெரியும்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை முடக்கியது. நான்கு நாள் கழித்து எச்.ஐ.வி. பாகுபாட்டுத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இனி டொமினிக்கைப் போல யாரையும் அடைக்க முடியாது என்று மாணவர்களிடம் சொன்னோம்.

கடைசி வரிசையிலிருந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, அந்த ரெண்டு பேரும் வேற வேற சாதியா இருந்து, நம்ம ஊருல இருந்திருந்தா?"

எங்களிடம் பதில் இல்லை. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டு எத்தனையோ மனு எழுதியிருக்கிறோம். எல்லாவற்றிலும் 'காதலனும் காதலியும்' என்றே எழுதியிருக்கிறோம். ஒரே பாலினக் காதலர்கள் ஒரு வரியில்கூட இல்லை. அடுத்த மனுவை அந்தத் தம்பியே எழுதட்டும் என்று கொடுத்திருக்கிறோம்.