கைவேலையும் பூகோளமும்

பூகோளம் என்றவுடன் நம் மாணவியருக்கு நினைவு வருவது, தேர்வுக்கு முதல்நாள் இரவு ஆறுகளின் பெயர்களை உருப்போட்டதுதான். பல ஆண்டுகளாக இப்பாடத்தைக் கற்பித்து வரும் நானும் அதற்கு ஓரளவு பொறுப்பாளி என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

நம் ஊர் ரமணாசிரமப் பகுதியில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் சில உள்ளன. வெளிநாட்டார் மட்டுமல்லர், வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய நம்மவரும் உண்டு. "பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பாழாக்குகிறார்களே!" என்று பெற்றோர் சிலர் அங்கலாய்ப்பதைக் கேட்டிருக்கிறேன். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அத்தகைய தாய் ஒருவர், தம் மகனுக்கும் மகளுக்கும் ஞாயிறு மாலைகளில் பூகோளம் சொல்லித்தர இயலுமா என்று கேட்டார். சற்றுத் தயக்கத்துடனேயே போனேன்.

வீட்டுச் சுவரெங்கும் படங்கள்! நீலக்கடல், பச்சைக் காடு, பாலைவனத்து ஒட்டகம். அழகுக்குக் குறைவில்லை. "சாத்தனூர் அணை உங்கள் வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கிறது?" என்று கேட்டேன். பிள்ளைகள் விழித்தனர். மறுநாள் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். நம் மாணவியரும் விழித்தனர். ஆகவே யாரும் யாரையும் பழிக்க வேண்டியதில்லை.

வண்ணம் தீட்டுவது மட்டுமே பூகோளமாகிவிடாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் நடக்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். அதன் பிறகே கைவேலை. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் இந்திய முக்கோண நில அளவையைத் தொடங்கியபோது முதலில் தரையில் விரித்தது வரைபடத் தாளையன்று, நூறடிச் சங்கிலியைத்தான்.

நாங்களும் நடந்தோம். கிரிவலப் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அதில் எட்டு லிங்கங்கள், எட்டுத் திசைக் காவலர்களின் பெயர்களில் அமைந்துள்ளன: கிழக்கே இந்திரன், தென்கிழக்கே அக்கினி, தெற்கே யமன், இப்படியே வடகிழக்கே ஈசானியம் வரை. நாம் எம்மதத்தவராயினும், இவ்வூர்ப் பிள்ளை திசையறிய இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. ஒவ்வோரிடத்திலும் நின்று பிள்ளைகள் மலையைப் பென்சிலால் வரைந்தனர். எட்டுப் படங்களும் எட்டு மலைகள்போல் இருந்தன! ஒரே மலை பக்கத்துக்குப் பக்கம் உருமாறுவதை நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருந்தாலும் இவ்வளவு விளங்கியிராது.

பிறகு குயவரிடம் களிமண் வாங்கினோம். நூறு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்தோம். 14 கிலோமீட்டர்ப் பாதை 140 சென்டிமீட்டர் நூலாயிற்று. அதை வட்டமாக வைத்தால் குறுக்களவு சுமார் 45 சென்டிமீட்டர். இரண்டடிப் பலகையில் அடங்கிவிடும். பையன் மலையைக் காலண்டர்ப் படம்போல் ஒரு முழ உயரத்துக்கு எழுப்பிவிட்டான். "மலையின் உயரம் 814 மீட்டர், அப்படியானால்?" என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்து, முகம் வாடிப்போய், எட்டு சென்டிமீட்டராகக் குறைத்தான். 217 அடி ராஜகோபுரமோ ஏழு மில்லிமீட்டருக்கும் குறைவு! அதன் இடத்தில் தங்கை ஒரு கொண்டைக்கடலையை நட்டாள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் கோபுரம் ஒரு கடலையாய்ப் போனதில் அவளுக்குத் தாளாத சிரிப்பு.

அடுத்துப் பூவாளியால் மெல்ல நீர் தெளித்தோம். மலை மடிப்புகளில் ஓடைகள் தாமாகவே பிறந்தன. ஓரிடத்தில் ஈரம் ஊறிய மண்கட்டி ஒன்று சரிந்து அடிவாரத்தில் விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் இம்மலையின் சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருவெள்ளம் தென்பெண்ணைக் கரையோரத்து ஊர்களைச் சூழ்ந்தது. சரிவு எது, நீர் இறங்கும் வழி எது, அவ்வழியில் கட்டிய வீடு எது என்று அறிவது வெறும் மதிப்பெண் சங்கதியா?

"டீச்சர், நம்ம வீடு எங்கே?" என்று சிறுமி கேட்டாள். ஓர் அரிசியைக் கொடுத்து அவளையே வைக்கச் சொன்னேன். ஓடைக்கோட்டை விரலால் தடவிப் பார்த்து, நெடுநேரம் யோசித்தே வைத்தாள்.

இவர்களும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆகவே மனப்பாடத்துக்கும் ஒருநாள் இடம் உண்டு. ஆனால் நாற்பது பேர் கொண்ட நம் வகுப்பிலும் இதைச் செய்ய இயலாதா? நேரமில்லை என்பார்கள். இரண்டு நடை, மூன்று கைவேலை வகுப்பு, அவ்வளவே. பாட அட்டவணை வகுக்கும் சகோதரியரிடம் இதையே வேண்டுகிறேன்.

அப்பலகையைப் பிள்ளைகள் நம் பள்ளிக்கே அன்பளிப்பாகத் தந்துவிட்டனர். அது பூகோள அறையில் இருக்கிறது. கோபுரத்தை மட்டும் எலி தின்றுவிட்டது. முதலில் வரும் மாணவி ஒரு கொண்டைக்கடலை கொண்டு வருக.