குடத்தை எங்கே வைப்பது?

அடிபம்பில் தண்ணீர் பிடித்து முடித்த பெண்ணுக்குப் பெரிய வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. நிறைகுடம் தரையில் நிற்கிறது. அது தலைக்கு ஏற வேண்டும். குனிந்து, மூச்சைப் பிடித்துத் தூக்கி, தொடையில் ஒரு தாங்கல் கொடுத்து, அங்கிருந்து ஒரே வீச்சில் மேலே. கைகொடுக்க ஆள் இருந்தால் தப்பித்தாள். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், கோண்டாகாவ் வட்டாரத்து ஊர்களில், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில அடிபம்புகளைச் சுற்றிச் சிறு கட்டுமானங்கள் எழுந்தன. அவற்றில் தரைக்கும் தலைக்கும் நடுவே குடத்தை வைக்க ஒரு திட்டு இருந்தது. கீழிருந்து அதற்கு, அதிலிருந்து தலைக்கு. வழிந்தோடும் தண்ணீர் சேறாகாமல் வடிய வழி இருந்தது. அரைச்சுவர்களில் அந்த மண்ணின் உருவங்கள் இருந்தன. உள்ளூரில் இவற்றை நல்பார் என்கிறார்கள். சமகாலக் கலையைப் பற்றிப் பேசும் உலக நூல்களில் இன்று இவற்றுக்கும் இடம் உண்டு.

இந்த முயற்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் நவ்ஜோத் அல்தாஃப். 1949-இல் மீரட்டில் பிறந்து மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தவர். எழுபதுகளில் கணவர் அல்தாஃப் முகமதியுடன் இடதுசாரி இளைஞர் அமைப்பொன்றில் இயங்கி, சுவரொட்டி வரைந்து, குடிசைப் பகுதிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஓவியங்களைக் கொண்டுபோனவர். 1992-93 மும்பைக் கலவரத்துக்குப் பிறகு, தனியாகக் கூடத்தில் நின்று படம் வரைவது அவருக்குப் போதவில்லை. 1994-இல் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் வைத்த படைப்பில் ஆவணப்பட இயக்குநர் மதுஸ்ரீ தத்தாவும் பங்கெடுத்தார். காணொளியும் நிர்மாணக் கலையும் நவ்ஜோத்துக்குக் கைவந்தது இந்தக் காலத்தில்தான். பிறகு, 1997 வாக்கில், பஸ்தருக்குப் போனார்.

பஸ்தருக்குப் போன வெளியாட்கள் நிறைய. மானிடவியலாளர் வெரியர் எல்வின் முரியா கோண்டு இளைஞர்கள் கூடி வாழும் கோட்டுல் என்ற இல்லம் பற்றி 1947-இல் தடித்த நூலே எழுதினார். கைவினை வாரியங்கள் மணி உலோகச் சிற்பங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தன. செய்தவர் பெயர் அட்டையில் இருக்காது, இனத்தின் பெயர் இருக்கும். நவ்ஜோத்தும் உதவித்தொகையோடு, மும்பை முகவரியோடு போனவர்தான். ஆனால், அங்கே ராஜ்குமார் கொர்ராம், சாந்திபாய், கெஸ்ஸுராம் விஸ்வகர்மா போன்ற கலைஞர்களோடு அவருக்கு ஏற்பட்ட உறவு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. தங்களுக்கென்று ஒரு கலைஞர் சங்கத்தையும் அவர்கள் கோண்டாகாவில் அமைத்துக்கொண்டார்கள். நல்பார்களுடன், பிள்ளைகள் கூடுவதற்கான ‘பில்லா குடி’ என்ற கட்டடங்களும் அந்தக் கூட்டு வேலையில் வந்தவை.

இதெல்லாம் சமூக சேவை, கலை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. விமர்சகர் கிளேர் பிஷப் 2006-இல் இதையே உலக அளவில் கேட்டார்: மக்களோடு சேர்ந்து செய்த கலை என்றதும் அதன் நல்லெண்ணத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, கலையாக அது தேறுகிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறோம். கலை வரலாற்றாளர் கிராண்ட் கெஸ்டர் எதிர்த்தரப்பு. பஸ்தர் வேலைகளைத் தன் நூலில் விரிவாக எழுதியவர். கலந்து பேசுவதே இந்தக் கலையின் உடல் என்பது அவர் வாதம். என் பார்வையில் பிஷப்பின் கேள்வி சரிதான். ஆனால், நல்பாரை முன்னால் வைத்துக் கேட்டால் அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

நம் நாடெங்கும் நிற்கும் இந்தியா மார்க்-2 அடிபம்பை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் யுனிசெஃப் உதவியோடு உருவானது. கோவைப் பக்கம் சோதிக்கப்பட்டு, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் ஆலையில் பெருமளவில் தயாரானது. அடிக்கடி பழுதாகிற பம்புகளுக்கு மாற்றாகச் சங்கிலி, பேரிங் என்று ஒவ்வோர் உறுப்பையும் யோசித்துச் செய்தார்கள். உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால், யோசனை முழுக்கத் தண்ணீரை மேலே கொண்டுவருவது பற்றி. மேலே வந்த தண்ணீர் ஒரு பெண்ணின் கழுத்தெலும்பு மேல் எப்படி உட்காரப்போகிறது என்பது அந்த வரைபடத்தின் கவலையாக இருக்கவில்லை. பஸ்தரில் பெண்களோடும் இளைஞர்களோடும் உட்கார்ந்து பேசியபோது பேச்சு அந்த இடத்துக்கு வந்தது. திட்டு எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? சுவர் எங்கே தாழ வேண்டும், எங்கே உயர்ந்து மறைப்புத் தர வேண்டும்? காத்திருப்பவர் எங்கே உட்காருவார்? உயரம், அளவு, இடைவெளி, உடலின் அசைவு - ஒரு சிற்பி கல்லின் முன் நின்று கேட்கிற கேள்விகளும் இவைதாமே? இந்தத் திட்டு ஒரு சாண் தவறினால் படைப்பும் தோற்றது, நல்லெண்ணமும் தோற்றது. அழகியலை அறத்திலிருந்து பிரித்து மதிப்பிட இங்கே வழியே இல்லை.

பஸ்தர் அனுபவம் காலப்போக்கில் நவ்ஜோத்தின் காணொளிகளையும் மாற்றியது என்பது என் கணிப்பு. 2002 குஜராத் கலவரத்துக்குப் பிறகு, 2003-இல் செய்த ‘லக்யூனா இன் டெஸ்டிமனி’ மூன்று திரைகளில் ஓடும் கடல். நீலம் மெல்லச் சிவக்கிறது. தரையில் வரிசையாகப் பதித்த கண்ணாடிகளில் அந்த அலை திரும்ப எழுகிறது. கண்ணைப் பறிக்கும் படைப்பு. பாதிக்கப்பட்டவர்களின் வலிக்காகக் கலைஞர் கண்டெடுத்த உருவகம் அது. உருவகம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், பேசுவது கலைஞர்தான். 2010-இன் ‘டச் 4’ வேறு திசை. மகாராஷ்டிரத்தின் சாங்லியில் அமைப்பாகத் திரண்ட பாலியல் தொழிலாளர்களோடு பேசி உருவானது. 22 திரைகள், பல பேர், பல குரல். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட முடியாது. ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைத் தவறவிடுகிறீர்கள். நின்று கேளுங்கள் என்று அந்த அமைப்பே சொல்கிறது. அடுத்து வந்த ‘சோல் பிரெத் விண்ட்’ (2014-18), சுரங்கங்கள் விழுங்கிய சத்தீஸ்கர் ஊர்களின் மக்களைத் தங்கள் நிலம் பற்றித் தாங்களே சொல்ல வைக்கிறது. கடல் போன்ற பேருருவகம் அதில் தேவைப்படவில்லை. குடத்தை வைக்க எங்கே இடம் வேண்டும் என்று கேட்டுப் பழகியவர், ஒரு வாக்குமூலத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்றும் கேட்கத் தொடங்கியதாகவே இதை நான் பார்க்கிறேன்.

காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 2005-இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு சல்வா ஜூடும் என்ற ஆயுதக் குழு தொடங்கியபின் பஸ்தரில் நாலு பேர் கூடிப் பேசுவதே சந்தேகத்துக்கு உரியதானது. 2011-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்த ஏற்பாட்டை அரசமைப்புக்கு எதிரானது என்றது. அப்படியொரு நிலத்தில் பிள்ளைகள் கூட ஒரு கட்டடம் எழுப்புவது சின்ன விஷயமில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு நெருடல் பாக்கி இருக்கிறது. 2018 டிசம்பரில் மும்பை தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நான்சி அடஜானியா தொகுத்த நவ்ஜோத்தின் வாழ்நாள் கண்காட்சி நடந்தது. தகுதியான மரியாதை, யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால், கலையுலகம் பெயர் சூட்டும் விதத்தைக் கவனியுங்கள். காணொளி கலைக்கூடத்துக்குள் வருகிறது, கலைஞர் பெயரில் ஆவணமாகிறது, விலையும் பெறுகிறது. நல்பார் அங்கே வருவது புகைப்படமாக. பம்படியோ பஸ்தரிலேயே மழையில் நனைந்து நிற்கிறது. அதன் விரிசலுக்குச் சிமென்ட் பூசும் செலவு எந்தக் கண்காட்சியின் கணக்கிலும் வராது. மரத்தில் தன் வாழ்க்கையைச் செதுக்கும் சாந்திபாய் தன்னளவில் முழுமையான கலைஞர். அவரைப் பற்றி எழுதுபவர்கள் இன்னமும் நவ்ஜோத்தின் பெயரோடு சேர்த்தே எழுதுகிறார்கள், இந்தக் கட்டுரை உட்பட. நவ்ஜோத் தன் கூட்டாளிகளின் பெயர்களை மறைத்தவரில்லை. சிக்கல் வேறிடத்தில். உதவித்தொகைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் கையில்தான் கூட்டுக் கலையின் பணப்பெட்டிச் சாவி இருக்கிறது. கூட்டாளிகள் சமமாக உழைக்கலாம், சமமாகப் பேசலாம். அடுத்த ஆண்டும் வேலை தொடருமா என்பதைத் தீர்மானிப்பவர் ஒருவரே.

இப்போது எல்லா நகரங்களிலும் ‘மக்கள் பங்கேற்புக் கலை’ பேசப்படுகிறது. திருவிழாக்கள் வருகின்றன, பத்து நாள் பட்டறை, ஒரு சுவரோவியம், ஒரு காணொளி, நன்றி. அறக்கட்டளைகளும் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் இதற்குப் பணம் தரத் தயாராக உள்ளன. அந்தப் பணத்தைக் கையாள்பவர்களிடம் ஒரு கோரிக்கை: உள்ளூர்க் கலைஞர்கள் தங்கள் மொழியில், வாய்மொழியாகவேகூட, நேரடியாக நிதி கோர இடம் கொடுங்கள். திட்டத் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று எடுத்து, ஊரார் கையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.