ஐ.டி.யில் என்ன படிக்கிறார்கள்? விழுப்புரம், திண்டிவனம் பெற்றோர் கவனத்திற்கு

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை, ஜும்ஆ முடிந்து வெளியே வரும் பெற்றோர் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஹஜ்ரத், பிள்ளையை ஐ.டி.யில் சேர்க்கலாமா?" அங்கே என்ன பாடம் நடத்துகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஐ.டி. என்றால் சென்னையில் குளிரூட்டிய அலுவலகம், கை நிறையச் சம்பளம். அதற்கு முன்னால் இருக்கும் நான்கு வருடம் யார் கணக்கிலும் வருவதில்லை.

அந்த நான்கு வருடத்தைக் குறைந்த செலவில் முடிக்க நம் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது. விழுப்புரம் காகுப்பத்தில் ஒன்று, திண்டிவனம் மேல்பாக்கத்தில் ஒன்று என அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இரண்டு இருக்கின்றன. பல்கலைக்கழகமே நடத்துபவை என்பதால் தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது. கணினி சார்ந்த பிரிவுகள் இரண்டிலும் உண்டு. பெண் பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு, காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்.

இனி பாடத்திற்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி பி.டெக். தகவல் தொழில்நுட்பத்தின் பாடப் பட்டியலைப் பார்த்தால், முதல் பருவத்தில் அணிகளும் நுண்கணிதமும், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், தமிழர் மரபு, பைத்தான் நிரலாக்கம். இரண்டாம் பருவத்தில் புள்ளியியலும் எண்சார் முறைகளும், மின்னியல், பொறியியல் வரைபடம், சி நிரலாக்கம். மூன்றாம் பருவத்தில் டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ். அதாவது முதல் மூன்று பருவத்திலும் பருவத்துக்கு ஒரு கணிதத் தாள். நான்காவதில் வரும் 'தியரி ஆஃப் கம்ப்யூடேஷன்' என்ற தாளில் கணிதம் என்ற பெயர் இல்லை. உள்ளே முழுக்கக் கணிதத்தின் தர்க்கம்தான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், செயற்கை நுண்ணறிவு, நெட்வொர்க் எல்லாம் மூன்றாம் பருவத்திலிருந்து ஐந்தாம் பருவத்துக்குள் வந்து போகின்றன. பலரும் ஐ.டி. என்று மனதில் வைத்திருக்கிற வெப்சைட் செய்யும் வேலை, நான்காம் பருவத்தில்தான் தாளாக எட்டிப் பார்க்கிறது. 2025-இல் புதிய ஒழுங்குமுறை வந்து தாள்களின் பெயரும் வரிசையும் மாறியிருந்தாலும், முதல் பருவம் இன்னமும் நுண்கணிதத்தில்தான் தொடங்குகிறது.

கலைப் பட்டம் படித்த நமக்கு இந்தப் பட்டியலைப் படிக்கவே இரண்டு மாலை ஆயிற்று. ஆனால் படித்த பிறகு ஒன்று விளங்கியது. கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன் என்று வீட்டில் பெயர் வாங்கிய பையன் முதல் வருடத்திலேயே அரியர் வைத்துவிட்டு நிற்பது ஏன் என்று. அவன் செல்போனில் காட்டிய வேகத்துக்கும் இந்தப் பாடங்களுக்கும் தொடர்பே இல்லை.

அல்ஜீப்ரா என்ற சொல் 'அல்ஜப்ர்' என்பதிலிருந்து வந்தது, அல்காரிதம் என்ற சொல்லுக்குள் அல்குவாரிஸ்மியின் பெயர் இருக்கிறது என்று நம் மேடைகளில் பேசாத பேச்சாளர் இல்லை. அதே மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, "கணக்கு வேண்டாம்" என்று சொல்லி காமர்ஸ் குரூப்பில் சேரும்போது யாரும் தடுப்பதில்லை. காமர்ஸ் தாழ்ந்ததல்ல, கடைத்தெருவில் வாழும் குடும்பத்துக்கு அது கைகொடுக்கும் படிப்பு. அதை எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து பி.டெக். கேட்பதுதான் சிக்கல். கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃபில் கணிதம் மட்டுமே 100. இயற்பியலும் வேதியியலும் தலா 50. ஆக, ஐ.டி.யா இல்லையா என்பது பெரும்பாலும் பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

கணிதம் எடுக்காதவர்களுக்குப் பல கல்லூரிகளில் பி.சி.ஏ. கிடைக்கிறது. அடுத்து எம்.சி.ஏ. போக நினைத்தால் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும். எனவே பி.சி.ஏ.வில் கணிதத் தாள் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

இட ஒதுக்கீட்டையும் சொல்லிவிடுவோம். 2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு. 60 பேர் வகுப்பில் அது இரண்டு இடம். போராடிப் பெற்ற உரிமைதான், ஆனால் இரண்டு இடத்தை நம்பி ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் இருக்க முடியாது. பொதுப் பிரிவின் 31 விழுக்காட்டிலும் நம் பிள்ளைகள் நுழையலாம். அதற்குக் கட்-ஆஃப் வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருவோரின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கடன் வாங்கி மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் இதையும் யோசிக்கலாம்.

"ஐ.டி.யில் இப்போது ஆட்களை வெளியே அனுப்புகிறார்களே?" என்ற கேள்வியும் நியாயமானதே. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில்தான் நம் மாவட்டத்தின் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். இரண்டு செய்தியும் உண்மை. சொன்ன வேலையை அப்படியே செய்யும் நிரல்களை இன்று செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. அது எழுதியதில் எது தவறு, ஏன் தவறு என்று கண்டுபிடிக்க டேட்டா ஸ்ட்ரக்சரும் ஆபரேட்டிங் சிஸ்டமும் நெட்வொர்க்கும் ஒழுங்காகப் படித்தவர் வேண்டும். பிள்ளைகள் கஷ்டம் என்று தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்து தள்ளிவிடுவதும் இதே தாள்களைத்தான். மூன்று மாதத்தில் வேலை என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்கள் இவற்றின் பக்கமே போவதில்லை.

நம் மஹல்லாக்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதரஸா வகுப்பு முடிந்த பிறகு அந்த அறை சும்மாதான் கிடக்கிறது. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அங்கே கணக்கு நடத்த ஜமாஅத் நிர்வாகம் ஒரு கரும்பலகை வாங்கித் தந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கு நேரத்தைத் தனியாக வைக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி விருப்பப் பட்டியல் பதியும் முன், அதில் முதல் பருவக் கணிதப் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். படித்துவிட்டு அவன், அல்லது அவள், என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.