முதலில் வாள், பிறகு கத்தி

இலையுதிர்கால விடுமுறை வருகிறது. செப்டெம்பர் 15 உடன் நோர்வேயில் காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டுவதற்கான பொதுத் தடை முடிகிறது. ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் எனக்கு ஒரே கேள்விதான் வரும்: "அண்ணா, கேம்பிங்குக்கு எந்தக் கத்தி வாங்கலாம்?" கூடவே ஒரு படமும் வரும். கறுப்பு நிறம், முதுகில் பல், ஒரு சாண் நீளம், விலை இரண்டாயிரம் குரோணருக்கு மேல்.

என் பதில் இதுதான்: அந்தக் கத்தியை வாங்காதீர்கள். முதலில் ஒரு வாள் வாங்குங்கள்.

வாள் என்றதும் சோழர் காலத்துக்குப் போய்விட வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழில் மரம் அரிகிற கருவிக்கும் வாள் என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் ரம்பம் என்பார்கள். வீட்டில் அப்பா "அந்த வாளை எடுத்துக்கொண்டு வா" என்றால் அவருக்கு வேண்டியது பலகை அரிவதற்குத்தான், படை நடத்த இல்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். எங்கள் பிள்ளைகள் பலருக்கு போர் வாள் மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது, மரம் அரியும் வாள் மறந்துபோய்விட்டது. கேம்பிங் போகும்போது ஆயுதம் தேடுகிறார்கள், கருவி தேடுவதில்லை. நான் சண்டை பிடிப்பது இந்த மனநிலையோடுதான்.

யூடியூபில் பார்த்திருப்பீர்கள். தாடி வைத்த ஒருவர் தடித்த கத்தியை விறகின் தலையில் வைத்து, இன்னொரு கட்டையால் ஓங்கி ஓங்கி அடிப்பார். விறகு இரண்டாகப் பிளக்கும். பின்னணியில் இசை. கீழே அந்தக் கத்தியை வாங்குவதற்கு இணைப்பு. விறகு தயாரிப்பது என்றால் இதுதான் என்று பதினைந்து வயதுப் பிள்ளை நம்பிவிடுகிறது. அவர் கையில் எடுத்த விறகு முன்பே அளவாக அரிந்து, காயவைத்து, கணு இல்லாமல் பொறுக்கி எடுத்தது என்பதைக் கமெரா காட்டுவதில்லை.

மரம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை ஓடும் நார்க் கட்டு அது. நார் ஓடும் திசையிலே பிளப்பது சுலபம். நாரைக் குறுக்கே அறுப்பது பல மடங்கு கடினம். ஆகவே விறகில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. குறுக்கே துண்டாக்குவது ஒன்று, நெடுக்கே பிளப்பது மற்றது. கடினமான முதல் வேலைக்காகவே வாளைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பல்லும் சில நார்களை மட்டும் வெட்டும். அது எடுத்துச் செல்வது ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலத் தூளை மட்டுமே. அதே கிளையைக் கத்தியாலோ கைக்கோடாலியாலோ குறுக்கே வெட்டினால், பல சென்ரிமீற்றர் அகலத்துக்கு மரத்தைக் கொத்தி எறிய வேண்டும். அவ்வளவு சிராம்பும் உங்கள் தோளின் உழைப்பு. வாளைப் பாவிப்பது இளகிய மனசுக்காரர் வேலை இல்லை, கணக்குத் தெரிந்தவர் வேலை.

இனி ஒஸ்லோவின் காடுகளுக்கு வருவோம். பெரும்பாலும் நீங்கள் எரிக்கப் போவது பெற்றோல் நிலையத்தில் 40 அல்லது 60 லீற்றர் சாக்கில் வாங்கிய பேர்ச் விறகு. ஒரு துண்டு ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் நீளம். அடுப்புக்கு அளவானது, சின்ன நெருப்புக்குத் தடித்தது. அதைப் பெரிய கத்தியால் பிளக்கப் போனால் என்ன நடக்கும்? பாதி வழியில் ஒரு கணு வரும். கத்தி இறுகிவிடும். நுனியில் ஓங்கி அடிப்பீர்கள். கத்தி சரியும், அல்லது அலகு சிதறும், அல்லது பிடித்திருக்கிற கை அதன் வழியில் இருக்கும்.

அதே துண்டை வாளால் நடுவிலே அரிந்து பாருங்கள். இப்போது 15 சென்ரிமீற்றர்த் துண்டுகள் இரண்டு. கணு இருக்கிற துண்டைப் பெரிய நெருப்புக்கு ஒதுக்கிவையுங்கள். கணு இல்லாத துண்டை ஓரத்திலிருந்து மெல்லிய சீவல்களாகப் பிளக்க ஒரு சின்னக் கத்தியும் லேசான தட்டும் போதும். மரத்தாலேயே ஓர் ஆப்பு சீவிக்கொண்டால் கத்திக்கு அந்த வேலையும் இல்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு வரிதான்: வாள் கையில் இருந்தால், உங்களுக்குத் தேவையான கத்தி சின்னதாகிவிடும்.

சின்னக் கத்திக்கு நெருப்பில் பெரிய பங்கு இருக்கிறது. மழை நாளில் விறகின் வெளிப்புறம் ஈரமாக இருக்கும், உட்புறம் காய்ந்திருக்கும். அந்த உட்புறத்தைப் பிளந்து எடுத்து, குச்சியிலேயே சுருள் சுருளாகச் சீவி விட்டால் ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். 5 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள "சேர்வைவல்" கத்தியால் அப்படிச் சீவிப் பாருங்கள், சுருள் வராது, மரம் பிய்ந்துதான் வரும். ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். நன்றாக எரிய அது 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். இல்லாவிட்டால் நெருப்பு உங்களைச் சூடாக்காது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கும். புகையில் நீங்கள் அழுவீர்கள்.

என்ன வாங்கலாம்? மடிக்கிற வாள் ஒன்று. பாக்கோ லாப்லாண்டரின் அலகு 19 சென்ரிமீற்றர். உங்கள் மணிக்கட்டை விடக் கொஞ்சம் தடித்த கிளைவரை அதற்குப் பிரச்சினை இல்லை. ஜப்பானின் சில்கி வாள்கள் இன்னும் வேகமானவை, ஆனால் அவை இழுக்கும்போது மட்டுமே வெட்டும். தள்ளும்போது பலம் கொடுத்தால் அலகு வளையும், முறியவும் கூடும். கத்திக்கு, சுவீடனின் மோராவில் 10 சென்ரிமீற்றர் அளவில் உள்ள சாதாரணக் கத்தி போதும். அலகு ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர்த் தடிப்பு. அதன் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை போவதில்லை, ஆகவே அதை ஓங்கி அடிக்கவும் கூடாது. வாளும் கத்தியும் சேர்ந்து ஆயிரம் குரோணருக்குள் முடிந்துவிடும். மிச்சக் காசுக்கு நல்ல மழைச் சட்டை வாங்குங்கள்.

"வாள் உடைந்தால் என்ன செய்வீர்கள்? பெரிய கத்தி என்றால் எல்லாவற்றுக்கும் உதவுமே" என்று சிலர் கேட்கிறார்கள். வாள் உடையலாம்தான். ஆனால் நீங்கள் நிற்பது சொங்ஸ்வான் ஏரிக்குப் பக்கத்தில். ரீ-பானே நிலையம் நடக்கிற தூரம். அங்கே உயிர்தப்பும் கதை வேண்டாம். "கோடாலி?" கோடாலி அருமையான கருவி. ஹித்தேயில் கொத்துக்கட்டையும் தடித்த விறகும் இருந்தால் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் குட்டைப்பிடிக் கைக்கோடாலியை நின்றபடி வீசினால், தவறும் வீச்சு நேராக முழங்காலுக்குக் கீழேதான் வரும். முழங்காலில் இருந்துகொண்டு கொத்தத் தெரியாதவரிடம் அதைக் கொடுக்கவே கூடாது.

பெரியவர்களோடும் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆட்களின் இளையோர் முகாம் ஒன்றுக்கு உதவிக்குப் போனேன். கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் தடித்த எழுத்தில் இருந்தது: கத்தி, வாள் கண்டிப்பாகக் கூடாது. ஆனால் இரவில் நெருப்பு வேண்டுமாம். முழு விறகுகளை அப்படியே அடுக்கினார்கள், பற்றவில்லை. போத்தலில் இருந்த எரிதிரவத்தை ஊற்றினார்கள். குப்பென்று எழுந்த சுவாலையில் ஒரு பிள்ளையின் ஜக்கெட் கை உருகிப்போனது. அதே நேரம் சமையல் கூடாரத்தில் நான்கு பிள்ளைகள், நான்கும் பெண் பிள்ளைகள், நீளமான சமையல் கத்திகளால் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதை ஒருவரும் ஆபத்து என்று சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். யூடியூப்காரரும் அந்த ஏற்பாட்டாளர்களும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதுபோலத் தெரியும். இரண்டு பேருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: கத்தி ஓர் ஆயுதம். ஒருவர் அதைக் காட்டிக் காசாக்குகிறார், மற்றவர் அதைக் கண்டு பயப்படுகிறார். இடையில் பிள்ளைக்கு ஒருவரும் ஒன்றும் பழக்குவதில்லை. நோர்வேயில் பார்ணஹாகே வயதுப் பிள்ளைகளே கத்தியால் குச்சி சீவுகிறார்கள். எங்கள் அம்மம்மாமார் அருவாமனையிலே மீன் வெட்டி வளர்ந்தவர்கள். இந்த இரண்டு உலகத்துக்கும் வாரிசுகளான எங்களுக்கு ஒரு விறகை அரியத் தெரியாது என்பது வெட்கம்.

பழகுவதற்குப் பெரிய பாடத்திட்டம் தேவையில்லை. கத்தி எடுத்தால் இருந்துகொண்டு வேலை செய்யுங்கள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. வெளிப்பக்கமாகச் சீவுங்கள். எழும்பி நடக்கும்போது கத்தி உறைக்குள் இருக்க வேண்டும். வாளில் ஆபத்து முதல் இரண்டு இழுவையில்தான் இருக்கிறது, பல் துள்ளி மற்றக் கையில் ஏறும். அதனால் விறகைப் பிடிக்கிற கைக்குத் தடித்த கையுறை போடுங்கள், மெதுவாகத் தொடங்குங்கள். நகரத்துக்குள் தக்க காரணம் இல்லாமல் கத்தியோடு திரிவது இங்கே குற்றம். போகும்போதும் வரும்போதும் அது முதுகுப்பையின் அடியில் இருக்கட்டும்.

காட்டுக்கும் ஒரு மரியாதை உண்டு. 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டம் எங்களுக்கும் காட்டில் நடக்கவும் தங்கவும் உரிமை தந்திருக்கிறது, மரம் வெட்டும் உரிமை தரவில்லை. நிலத்தில் கிடக்கும் காய்ந்த சுள்ளிகளை எடுங்கள். நிற்கிற மரம், அது பட்டுப்போயிருந்தாலும், நில உரிமையாளருடையது. உயிருள்ள பேர்ச்சின் பட்டையை உரிக்காதீர்கள், அந்தக் காயம் மரத்தில் நிரந்தரமாக நிற்கும். புதிய கத்தியைச் "சோதித்துப் பார்க்க" மரங்களில் கொத்திய தழும்புகளை ஒஸ்லோக் காடுகளில் நிறையப் பார்த்துவிட்டேன். வாள் வைத்திருப்பவர் சும்மா நிற்கிற மரத்தில் போய் அரிந்து பார்ப்பதில்லை. கருவிக்கு வேலை இருந்தால்தான் கை போகும். ஆயுதத்துக்குத்தான் இலக்குத் தேவைப்படும்.

முகாம் நடத்துகிற அண்ணாமார், அக்காமாருக்கு: அடுத்த பட்டியலில் "கூடாது" என்ற வரியை எடுத்துவிட்டு, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மடிவாள், ஒரு சின்னக் கத்தி, ஒரு சோடி கையுறை என்று எழுதுங்கள். முதல் மணித்தியாலத்தை அதற்கே ஒதுக்குங்கள். வெங்காயம் வெட்டுவதையும் விறகு அரிவதையும் முறை வைத்து எல்லாரிடமும் கொடுங்கள்.

அந்தக் கறுப்புக் கத்தியின் படத்தை எனக்கு அனுப்ப இருக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு: இணைப்பை மூடிவிட்டு, வீட்டுக் கராஜில் அப்பாவின் வாள் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். ஒரு விறகுத் துண்டை எடுத்து நடுவிலே அரியுங்கள். அதற்குப் பிறகும் பெரிய கத்தி தேவை என்று தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.