கரையில் இருப்பவருக்குத்தான் புயல் எச்சரிக்கையா?

'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.' ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு இந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

2017-ல் ஒக்கி நவம்பர் 29 காலை வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதாவது, காற்று மணிக்கு 31 முதல் 49 கி.மீ. மறுநாள் காலையே 62-ஐத் தாண்டி புயலாகிவிட்டது. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் குமரி மாவட்டம் தூத்தூர் பகுதிப் படகுகளோ அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தன. மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் வந்தால்கூட 200 கடல் மைல் கடக்க 25 மணி நேரம் ஆகும். கணக்கு உதைக்குதா?

'போன்ல பார்த்துக்கலாமே' என்பார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் போயிடும். 2019-ல் வந்த 'ஜெமினி' கருவி (கூகுள் ஏஐ இல்லீங்க!) செயற்கைக்கோள் வழியே நடுக்கடலிலும் வானிலைத் தகவல் தரும். ஆனால், அது ஒருவழிதான். 'நாங்க இங்க மாட்டிக்கிட்டோம்' என்று திருப்பிச் சொல்ல வழியில்லை.

1 லட்சம் படகுகளில் இருவழி டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024-ல் தொடங்கியது. அதில் தங்கல் படகுகளுக்கே முதலிடம் தரணும். அன்றன்றே கரை திரும்பும் படகுகளுக்கு அப்புறம் கொடுக்கலாம்.