பஜ்ஜிக் கடை வேண்டாம், பக்கெட் கடை போடுங்க!

ஒரு கல்யாணம் நடந்தால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள், எண்ணிப் பாருங்க. பந்தல்காரர், சவுண்ட் சர்வீஸ்காரர், ஜெனரேட்டர்காரர், வாடகைப் பாத்திரக் கடைக்காரர், கேன் தண்ணி போடுறவர், பாத்திரம் தேய்க்கிற அம்மா. சமையல் மாஸ்டர் கரண்டியோடு வந்தால் போதும். அண்டா முதல் அடுப்புவரை வாடகைக்கு வந்து இறங்கிவிடும்.

இப்போ திருவிழாவுக்கு வாங்க. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரை. மயிலம் முருகன் உட்பட சுற்றுவட்டாரத்துச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். பின்னாலேயே ஜனக்கூட்டம். அதற்கு நடுவில் பஜ்ஜி போடும் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்? தண்ணீரை அவரே சுமக்கணும். ஐஸை அவரே தேடணும். சிலிண்டர் தீர்ந்தால் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு அவரேதான் ஓடணும். காலையில் பிடித்த பக்கெட் தண்ணீரில் மதியம் வரை தட்டு முங்கி எழும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் பரவுகிற வழி அதுதான். அந்தத் தட்டை நீட்டித்தான் நாம் 'இன்னும் கொஞ்சம் சட்னி' கேட்கிறோம்!

நானும் பி.காம்தான், அந்த உரிமையில் கேட்கிறேன். டிகிரியை வைத்துக்கொண்டு அரசாங்க வேலைக்காகக் காத்திருக்கும் தம்பி, தங்கைகளே, சொந்தத் தொழில் என்றதும் ஏன் எல்லோருக்கும் ஃபாஸ்ட் ஃபுட் கடையே தோன்றுகிறது? ஏற்கெனவே இருக்கும் நாற்பது கடையோடு மோதி நாற்பத்தோராவது கடையா? அந்த நாற்பது பேரும் உங்கள் வாடிக்கையாளராக முடியும்போது போட்டி எதற்கு?

என்ன விற்பது? குழாய் வைத்த டிரம்மில் சுத்தமான தண்ணீர். வாடகைக்கு எவர்சில்வர் தட்டு. எச்சில் தட்டை எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவரும் வேலை. ஐஸ், குப்பை அகற்றுதல். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூனுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ஆக, தட்டு கழுவும் வேலைக்குச் சட்டமே மார்க்கெட் பிடித்துக் கொடுத்திருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் 2018 முதல் வரம்பு உண்டு. பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே வருஷம் தொடங்கியது. அங்கே ஒப்படைத்தால் அதுவும் ஒரு வரவு.

"வருஷத்தில் இருபது நாள் தொழிலுக்கு முந்நூற்று நாற்பத்தைந்து நாள் குடோன் வாடகை கட்டுவதா?" நல்ல கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், முதல் வருஷம் எதையும் வாங்காதீங்க. ஆடியில் கல்யாணம் கிடையாது. வாடகைப் பாத்திரக் கடைகளில் தட்டும் டிரம்மும் சும்மா தூங்கும். அதே ஆடியில்தான் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர்! பேசினால் பாதி ரேட்டுக்குக்கூடக் கிடைக்கலாம்.

ஒரு உதாரணக் கணக்கு. உங்க ஊர் ரேட்டை நீங்களே போட்டுக்குங்க. 40 கடை, கடைக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய், வரவு 12,000. நாலு பேர் கூலி 3,200, தண்ணீரும் வண்டியும் 3,000, பாத்திர வாடகை 1,500. செலவு 7,700. மிச்சம் 4,300. ஆனால், 25 கடைதான் சிக்கியது என்றால் 200 ரூபாய் நஷ்டம். 26-வது கடையில்தான் லாபமே ஆரம்பம். எனவே, தேருக்கு முந்தின வாரமே கடை கடையாக ஏறி அட்வான்ஸ் வாங்கணும்.

"அவங்க எங்கே சார் காசு கொடுப்பாங்க?" என்று இழுக்காதீங்க. தண்டல்காரரிடம் எட்டாயிரத்து ஐந்நூறோ ஒன்பதாயிரமோ கையில் வாங்கி, தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டுகிறவர்கள் அவர்கள். கணக்கு தெரியாதவர்கள் இல்லை. தட்டு கழுவ ஒரு ஆள் வைத்தால் என்ன கூலி ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதைவிட 300 ரூபாய் குறைவு என்று புரிந்தால் கொடுப்பார்கள்.

அடுத்து, நாற்காலியில் இருப்பவர்களுக்கு. 2020-ல் சாலையோர வியாபாரிகளுக்கு 'ஸ்வநிதி' கடன் வந்தது. பத்தாயிரமாக இருந்த முதல் தவணை 2025-ல் பதினைந்தாயிரம் ஆனது. நல்லது. கடன் கொடுத்தீங்க, குழாய் எங்கே? 2014-ம் வருஷச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவிகிதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்கணும். அங்கே இதைப் பேச என்ன தடை? வைத்திக்குப்பத்துக்கு நகராட்சி, வில்லியனூருக்கும் வீராம்பட்டினத்துக்கும் கொம்யூன் பஞ்சாயத்து. எந்த ஆபீஸாக இருந்தாலும், கடைக்கு இடம் அளக்கும்போது தண்ணீருக்கும் கழுவுவதற்கும் பத்தடி ஒதுக்கினால் குடி முழுகிவிடாது.

வில்லியனூரிலும் வீராம்பட்டினத்திலும் பிரெஞ்சு கவர்னர்கள் தேர் வடம் பிடித்தார்கள். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். வடம் பிடிக்க கவர்னரே வருகிற ஊரில், தட்டு கழுவ ஒரு குழாய் வரக் கூடாதா?

அது வரும்போது வரட்டும். நீங்க காத்திருக்காதீங்க. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்புங்க. முதல் 26 பேரைப் பிடிங்க. பஜ்ஜி எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் சாப்பிட்டுக்கலாம்!