பக்கத்து வீட்டு ஆறு மீட்டர்

லண்டன்ல ஒரு தமிழன் பக்கத்து வீட்டுத் தமிழனோட எக்ஸ்டென்ஷனுக்கு ஆட்சேபம் எழுதலாமா? கூடவே கூடாதுங்கறாங்க நம்ம மக்கள். ரெண்டு வாரமா கோயில்ல, தமிழ்ப் பள்ளி வாசல்ல, காய்கறிக் கடைல, எங்க போனாலும் இதே பஞ்சாயத்துதான். "என்ன தம்பி, நம்ம ஆளு வீட்டுக்கே கட்டையப் போட்டுட்டீங்களாமே?" நான் சொல்றேன், எழுதலாம். என் கேஸ் மாதிரி இருந்தா எழுதியே ஆகணும். ஏன்னு கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

திட்டறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு இந்தச் சட்டம் எப்படி வேலை செய்யுதுன்னே தெரியல. அதனால மொதல்ல அது. இங்கிலாந்துல வரிசை வீடோ, ஒரு பக்கம் ஒட்டின வீடோ வச்சிருக்கறவர், பின்பக்கம் தரைத்தளத்துல மூணு மீட்டர் வரைக்கும் யாரையும் கேக்காம நீட்டிக்கலாம். தனி வீடுன்னா நாலு மீட்டர். உயரம் எவ்வளவு, தோட்டத்துல எவ்வளவு மிச்சம் விடணும்னு சில நிபந்தனைகள் உண்டு, அவ்வளவுதான். அதுக்கு மேல போகணும்னா முன்னாடியெல்லாம் முழு ப்ளானிங் பெர்மிஷன் வாங்கணும். இப்ப 'பிரையர் அப்ரூவல்'னு ஒரு குறுக்கு வழி இருக்கு. ஒட்டின வீட்டுக்கு ஆறு மீட்டர், தனி வீட்டுக்கு எட்டு மீட்டர் வரைக்கும் அந்த வழியாப் போயிடலாம். கன்சர்வேஷன் ஏரியா மாதிரி சில இடங்கள்ல மட்டும் இது செல்லாது.

இது வந்த கதையே தனி. 2013ல, கட்டுமானத் தொழில் படுத்துக் கிடக்கு, தூக்கி நிறுத்தணும்னு கேமரூன் அரசாங்கம் கொண்டு வந்தது. மூல யோசனைல பக்கத்து வீட்டுக்காரர்ங்கற பேச்சே கிடையாது. அவங்க கட்சி எம்.பி.க்களே கொடி பிடிச்சதால, அப்ப அந்தத் துறை மந்திரியா இருந்த எரிக் பிக்கிள்ஸ் எறங்கி வந்து, ஒட்டியிருக்கற வீடுகளுக்கு ஒரு கடிதமாவது போகட்டும்னு சேர்த்தார். மூணு வருஷத்துக்குன்னு வந்த தற்காலிக ஏற்பாடு, நீண்டுக்கிட்டே போயி 2019ல நிரந்தரமாயிடுச்சு. எக்ஸ்டென்ஷன் சட்டத்துக்கே எக்ஸ்டென்ஷன் :-)

அந்தக் கடிதம்தான் எனக்கு வந்தது. பதில் எழுத 21 நாள். இங்கதான் எல்லாரும் கோட்டை விடற விஷயம் இருக்கு. ஒட்டியிருக்கற வீடுகள்ல ஒருத்தர்கூட ஆட்சேபம் எழுதலைன்னா, அந்தச் சுவரால அக்கம்பக்கத்துக்கு வெளிச்சம் போகுமா, அடைச்ச மாதிரி ஆகுமான்னு பார்க்கற அதிகாரமே கவுன்சிலுக்கு வராது. அளவெல்லாம் விதிக்குள்ள இருக்கான்னு சரிபார்த்துட்டு விட்டுடணும். 42 நாளைக்குள்ள கவுன்சில் முடிவு சொல்லலைன்னா, அவர் பாட்டுக்குக் கட்ட ஆரம்பிச்சுடலாம்.

அதாவது நான் வாயை மூடிட்டு இருந்தா அதுக்குப் பேர் பெருந்தன்மை இல்ல. சம்மதம்னு கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் எழுதினா வேலை நின்னுடுதா? அதுவும் இல்ல. ஒரு அதிகாரி உக்காந்து வரைபடத்தைப் பிரிச்சு, ரெண்டு பக்கத்து ஜன்னலையும் பார்த்து முடிவு சொல்லணும், அவ்வளவுதான் நடக்கும். சரின்னும் சொல்லலாம், மாட்டேன்னும் சொல்லலாம்.

நேர்ல போய்ப் பேசியிருக்கலாமேன்னு கேக்கறாங்க. பேசினேன் சாமி. கடிதம் வந்த அன்னிக்கு சாயங்காலமே போனேன். டீ எல்லாம் குடுத்தாங்க. "அண்ணே, ஆறு மீட்டர் கொஞ்சம் ஜாஸ்தி, நாலுல நிறுத்திக்க முடியுமா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் நமக்கெதுக்கு தம்பி, கவுன்சில் பார்த்துக்கும்"னு சொன்னார். யாராவது எழுதினாத்தான் கவுன்சில் பார்க்கும் அண்ணேன்னு விளக்கினதுக்கு சிரிச்சுட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். சரி, அவர் சொன்னபடி கவுன்சில் பார்க்கட்டும்னுதான் எழுதினேன். இதுல துரோகம் எங்க வந்துச்சு?

இப்ப என் ஜன்னல் கணக்கு. எங்க வீட்டுப் பின்பக்கம் தெற்கு பார்த்தது. அண்ணன் வீடு மேற்குல. ஜன்னலோட நடுப்பகுதி எல்லையிலிருந்து ரெண்டு மீட்டர். பல கவுன்சில்கள் ஒரு எளிய கணக்கு வச்சிருக்காங்க. வரைபடத்துல ஜன்னல் நடுவிலிருந்து 45 டிகிரில ஒரு கோடு இழு, பக்கத்து வீட்டு நீட்டல் அந்தக் கோட்டைத் தாண்டுதான்னு பாரு. என் கோடு ரெண்டாவது மீட்டர்லயே எல்லையைத் தொட்டுடுது. ஆறு மீட்டர் சுவர் அதுக்கு அந்தப் பக்கம் இன்னும் நாலு மீட்டர் போகுது. சும்மா கிடைக்கற மூணு மீட்டர்கூட ஒரு மீட்டர் தாண்டத்தான் செய்யும். அதைச் சட்டமே குடுத்துடுச்சு, நான் கேக்கல.

வெயில் கணக்கும் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் கடைசியில லண்டன்ல உச்சி வெயில்னு நாம சொல்றதே 15 டிகிரி உயரத்துலதான் நிக்கும். நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுடும். எல்லையை ஒட்டி மூணு மீட்டர் உயரச் சுவர் வருது. அது மூணு மீட்டர் நீளம்னா என் ஜன்னல்ல ஏறக்குறைய ரெண்டரை மணிக்கு நிழல் விழும். ஆறு மீட்டர்னா ஒண்ணே காலுக்கே ஏற ஆரம்பிச்சு ரெண்டு மணிக்குள்ள ஜன்னலையே மூடிடும். ஒரு மணி நேர வெயில்தானேன்னு ஊர்ல இருக்கறவங்களுக்குச் சிரிப்பு வரும். அங்க வெயிலுக்கு ஒளிஞ்சு ஓடறோம். இங்க நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காக நாற்காலிய நகர்த்தி நகர்த்திப் போட்டு உக்கார்றோம். அந்த ஜன்னலுக்குப் பக்கத்துலதான் 78 வயசு மாமியார் பகல் முழுக்க இருக்காங்க. முட்டி வலி, மாடி ஏற முடியாது.

அண்ணன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அவங்க அம்மாவுக்கும் மாடி ஏற முடியல. கீழ ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை வேணும். புதுசா பெரிய வீடு வாங்கலாம்னா ஸ்டாம்ப் டூட்டியும் வக்கீல் ஃபீஸும் சேர்ந்து முதுகை ஒடிச்சுடும். அறைய வேணாங்கல. வரைபடத்தை நான் எழுத்தெழுத்தாப் பார்த்தேன். அறையும் குளியலறையும் நாலு மீட்டருக்குள்ள அடங்கிடுது. மிச்ச ரெண்டு மீட்டர் எதுக்குன்னா, சமையலறைக்கு நடுவுல பெரிய மேடை போட்டு சுத்தி ஸ்டூல் போடறதுக்கு. அதாவது அவங்க வீட்டு ஸ்டூலுக்கு எங்க வீட்டு வெயில்.

இன்னொரு கூட்டத்தையும் இங்கயே திட்டிடணும். ஆட்சேபம்ங்கற பேர்ல சிலர் எழுதறது இருக்கே, அய்யோ. எங்க கவுன்சில் இணையதளத்துல பழைய கடிதங்களைப் படிச்சுப் பாருங்க. "என் வீட்டு விலை எறங்கிடும்", "எனக்குத் தெரிஞ்ச மரம் இனிமே தெரியாது", "ஆறு மாசம் சத்தம் தாங்க முடியாது", "அவங்க வீட்டுக்கு எப்பவும் சொந்தக்காரங்க வர்றாங்க". வீட்டு விலையும், ஜன்னல் வழியாத் தெரியற காட்சியும், பழைய சண்டையும் ப்ளானிங் விஷயமே கிடையாது. அதிகாரி ஓரமா ஒதுக்கிடுவார். சமையல் வாசனைன்னு எழுதற புண்ணியவான்களும் உண்டு. அது என்ன அர்த்தத்துல எழுதறாங்கன்னு நமக்குத் தெரியாதா? நம்ம சனங்களுக்கு ஆட்சேபம்னாலே கசக்கறதுக்கு இந்த மாதிரிக் கடிதங்களும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். இங்க வந்த மொத தலைமுறை அதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டவங்க. அந்தக் கோபம் எனக்குப் புரியுது. ஆனா அதுக்காக நம்ம ஆளு சுவர் மட்டும் நிழல் விழாத சுவர் ஆகிடுமா? என் கடிதத்துல வெளிச்சம், அடைசல் ரெண்டைத் தவிர வேற ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பக்கம், ஒரு படம்.

"பாவம்யா, நீ எழுதினதால அவர் கனவே போச்சு"ன்னு ஒருத்தர் உருகினார். போகாது. மறுத்துட்டாங்கன்னா 12 வாரத்துக்குள்ள அவர் மேல்முறையீடு பண்ணலாம். அளவைக் குறைச்சு மறுபடி போடலாம். முழு ப்ளானிங் பெர்மிஷனுக்கே போகலாம். இதெல்லாம் அவருக்கு. எனக்கு? கவுன்சில் சரின்னு சொல்லிட்டா எனக்கு மேல்முறையீடே கிடையாது. ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும், அதுவும் ஆறு வாரத்துக்குள்ள, முடிவெடுத்த முறை தப்புன்னு காட்டணும். ஒரு ஜன்னலுக்காக வீட்டை வித்து ஹைகோர்ட் போற அளவுக்கு நான் இன்னும் முத்தல. எனக்கு இருக்கறது அந்த 21 நாள் மட்டும்தான். அதையும் நட்புக்காக விட்டுக் குடுன்னா எப்படி?

இதுல வேடிக்கை என்னன்னா, இதே சுவருக்கு இன்னொரு சட்டம் இருக்கு. 1996 பார்ட்டி வால் சட்டம். அஸ்திவாரம் எங்க வீட்டை ஒட்டி, எங்க அஸ்திவாரத்தை விட ஆழமாத் தோண்டினா, அவர் எனக்குத் தனியா நோட்டீஸ் தரணும். அதுக்கு நான் 14 நாள் பதில் சொல்லலைன்னா, சம்மதிச்சதா எடுத்துக்க மாட்டாங்க. தகராறு இருக்குன்னு எடுத்துக்கிட்டு சர்வேயர் போடணும். செங்கல் விரிசல் விடுமான்னு வரும்போது மௌனம் மறுப்பு. வெளிச்சம் போகுமான்னு வரும்போது மௌனம் சம்மதம். ஒரே நாடு, ஒரே சுவர், ஒரே நான்! சட்டம் எழுதினவங்களுக்கு செங்கல் மேல இருக்கற அக்கறை வெயில் மேல இல்ல.

ஆட்சேபம் எழுதினா பேரும் விலாசமும் இணையதளத்துல வரும், மொட்டைக் கடுதாசி எடுபடாதுன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். அண்ணன் அதைப் படிச்சிருக்கார். அன்னிலேருந்து குப்பைத் தொட்டி வெளிய வைக்கற நேரத்தைக்கூட மாத்திக்கிட்டார், என்னைப் பார்க்க வேணாம்னு. அவங்க அம்மா மட்டும் வேலிக்கு மேல எங்க மாமியார்கூட இன்னும் பேசிட்டு இருக்காங்க. கறிவேப்பிலைச் செடிய குளிருக்கு எப்ப உள்ள எடுத்து வைக்கறதுங்கறதுதான் அங்க பேச்சு.

இப்பவும் சொல்றேன், இதை அவர்கிட்ட கொண்டுபோய்ச் சொல்றவங்க எப்படியும் சொல்வாங்கன்னு தெரிஞ்சே சொல்றேன். நாலு மீட்டர்னு மாத்திப் போடட்டும், எல்லையோரச் சுவரை ரெண்டரை மீட்டர் உயரத்துல நிறுத்தட்டும். டிசம்பர்ல எங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மணி வரைக்கும் வெயில் இருக்கும். சாப்பிட்டு முடிச்சு மாமியார் கண் அசர்ற நேரம் அது. நான் ஆட்சேபம் எழுத மாட்டேன். பார்ட்டி வால் நோட்டீஸ் வந்தா 14 நாள் கூட எடுத்துக்க மாட்டேன், அன்னிக்கே சம்மதம்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.